சுடாமல் நின்ற கை

காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தபோது பிரதாப் ஒரு காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு மற்றதைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தான். பேசியவர் அக்கரப்பத்தனைப் பக்கம் சின்னக்காட்டுத் தோட்டத்துக் கண்டாக்கு அழகுமுத்து. மலையில் ஆட்களை வேலை வாங்குகிற உத்தியோகம் அவருக்கு. அதட்டிப் பேசிப் பழகிய குரல். அன்றைக்கு அந்தக் குரல் கிசுகிசுத்தது.

"ஏழாம் நம்பர் மலையில புலி மாட்டிருச்சுங்க. கம்பியில. உசிரோட இருக்கு. காலையில பெரட்டுல பேர் குடுக்க வந்த ஆளுங்க பூராவும் அங்கதான் நிக்கிறாங்க. சொன்னா யாரு கேக்குறா?"

"எவ்வளவு தூரத்துல நிக்கிறாங்க?"

"கிட்டத்தாங்க. போன்ல படம் புடிக்கிறாங்க."

"எல்லாரையும் ரோட்டுக்கு ஏத்துங்க. ஒரு கல்லு எறிய விடாதீங்க. நாங்க வந்துகிட்டே இருக்கோம்."

தோட்டத்தில் புலி என்று சொன்னால் அது சிறுத்தைதான். காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுவது பிரதாப்புக்குப் புதிதில்லை. வனஜீவராசிகள் திணைக்களத்தில் சேர்ந்த ஆறு வருடத்தில் பதினோரு சிறுத்தைகளை அப்படிக் கண்டிருக்கிறான். அவற்றில் உயிரோடு காட்டுக்குத் திரும்பியவை மூன்று.

வட்டகொடை ரயில் நிலையத்துக்கு மேலே ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் அவன். அந்த லயத்திலிருந்து காக்கி உடுப்புப் போட்ட முதல் ஆள். அலுவலகத்துக்குப் போனதும் வழக்கம்போலப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, இரும்பு அலுமாரியிலிருந்து தன் கைத்துப்பாக்கியை வாங்கி இடுப்பில் மாட்டினான். அது அவன் கைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

முந்தைய வருடம் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் காயம்பட்ட பன்றி ஒன்றுக்கு மருந்து போடப் போனார்கள். திணைக்களத்து மிருக வைத்தியர் டொக்டர் ஆர்த்திகா முன்னே போனார்; காவலுக்கு நீளத் துப்பாக்கியோடு பிரதாப் பின்னே போனான். பன்றி திரும்பிப் பாய்ந்த நேரம் பார்த்துத் துப்பாக்கிக் குழல் தேயிலைக் கிளையில் சிக்கிக்கொண்டது. அவன் அதை இழுத்து எடுப்பதற்குள் பன்றி டொக்டரின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுப் போய்விட்டது. பதினான்கு தையல். அவர் பிரதாப்பைப் பார்த்து ஒரு சொல் கோபமாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்துகொண்டே மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார்: தேயிலைக்குள் என்னோடு வருகிறவருக்கு ஒற்றைக் கையால் பிடிக்கக்கூடிய ஆயுதம் வேண்டும், வருகிறவர் பிரதாப்பாக இருக்க வேண்டும் என்று. பிரதாப் அந்தக் கடிதத்தின் பிரதியைப் பிறகுதான் பார்த்தான். இரண்டாவது வரியை மூன்று தடவை வாசித்தான்.

அன்று ஜீப்பில் ஏறியதும் மயக்க மருந்துத் துப்பாக்கியைப் பற்றி ஆர்த்திகா சொன்ன முதல் செய்தி நல்லதாக இல்லை.

"மருந்து அடிக்கிற துவக்கு இண்டைக்கு எங்களிட்டை இல்லை. மற்றக் குழு யானை ஒண்டுக்காகக் கொண்டு போட்டுது. அது திரும்பி வரப் பின்னேரமாகும்."

"அதுவரைக்கும் அது தாங்காதுங்க டொக்டர். கம்பி இடுப்புல இருந்தா அது இழுக்க இழுக்க உள்ள இறுகிடும்."

"தெரியும். குழலாலைதான் ஊதோணும்."

பின் இருக்கையில் கிடந்த அலுமினியக் குழலை அவன் திரும்பிப் பார்த்தான். இரண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்டிருந்தது. பொருத்தினால் ஆள் உயரத்துக்கு வரும். ஊசி பொருத்திய அம்பை அதற்குள் வைத்து வாயால் ஊத வேண்டும். வெடி இல்லை, சத்தம் இல்லை, மூச்சு மட்டும்தான். ஆனால் மூச்சுக்கு எட்டுகிற தூரம் எவ்வளவு? நல்லாக ஊதுகிறவருக்குப் பத்து மீட்டர். குறி தப்பாமல் இருக்க வேண்டுமென்றால் ஏழு, எட்டு.

ஆர்த்திகா நல்லாக ஊதுகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கு வருடமாகியும் மலைக்குளிர் பழகாமல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிகிற, அவன் தோளுக்குக்கூட வராத சிறிய உருவம். வேலை இல்லாத காலைகளில் அலுவலகத்துப் பின்புறத்தில் உமி நிரப்பிய சாக்கைத் தொங்கவிட்டு, அதில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, ஐம்பது தடவை ஊதுவார். நாற்பத்தெட்டாவது தப்பினால் முதலிலிருந்து தொடங்குவார். அலுவலகத்தில் சிலர் அதைப் பார்த்துச் சிரித்ததுண்டு. பிரதாப் சிரித்ததில்லை. சாக்கிலிருந்து அம்புகளைப் பிடுங்கிக் கொண்டுவந்து கொடுப்பான்.

ஏழாம் நம்பர் மலை காட்டை ஒட்டியிருந்தது. மேலே வண்டிப்பாதை, அதிலிருந்து சரிவாகத் தேயிலை, சரிவு முடிகிற இடத்தில் லயத்து ஆட்கள் கரட்டும் உருளைக்கிழங்கும் போட்டிருந்த சிறு தோட்டங்கள், அதற்கப்பால் காடு. கண்டாக்கு எப்படியோ ஆட்களைப் பாதைக்கு ஏற்றியிருந்தார். கூடைகளோடு பெண்கள், மண்வெட்டிகளோடு ஆண்கள், எழுபது எண்பது பேர் இருக்கும். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர் அவர்களைச் சிங்களத்திலும் தமிழிலுமாக மாறி மாறித் தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரதாப் கீழே பார்த்தான். மழைநீர் ஓட வெட்டிய கான் ஒன்று சரிவின் குறுக்கே ஓடியது. கானுக்கு அந்தப் பக்கம், தேயிலை முடிந்து கரட்டுப் பாத்தி தொடங்குகிற இடத்தில், சிறுத்தை கிடந்தது. இடுப்பைச் சுற்றிக் கம்பி. கம்பியின் மறுமுனை தரையில் அடித்திருந்த ஒரு முளையில். முளையைச் சுற்றி மண் வட்டமாக உழுது போட்டதுபோல இருந்தது. எத்தனை மணி நேரம் சுற்றியிருக்குமோ. அவர்களைக் கண்டதும் தலையைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. அந்த உறுமல் காதால் கேட்பதற்கு முன்னால் நெஞ்சுக்குள் கேட்டது.

ஆர்த்திகா தூரநோக்கியால் வெகுநேரம் பார்த்தார். "பெரிசாய்ப் புண் இல்லை. விடியப்புறம்தான் மாட்டியிருக்க வேணும். பிரதாப், இதைக் காப்பாற்றலாம்."

இருவரும் ஜீப்புக்குப் பின்னால் போய் வழக்கமான ஒத்திகையைச் செய்தார்கள். அவர் முன்னே, அவன் ஒரு அடி பின்னே வலப்பக்கமாக. அவன் இடக்கை அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்திருக்கும். வலக்கையில் துப்பாக்கி, அதன் முனை நிலத்தைப் பார்த்தபடி. ஆபத்தென்றால் இடக்கையால் அவரைப் பின்னே இழுத்து, வலக்கையால் சுட வேண்டும். நீளத் துப்பாக்கியால் இதைச் செய்யவே முடியாது.

"நான் அதின்ரை தொடையைத்தான் பார்ப்பன்," என்றார் ஆர்த்திகா. "வேறை ஒண்டையும் பாக்க மாட்டன். முளை பிடுங்குதோ, பாயுதோ, அதெல்லாம் உங்கடை கண். முளை பிடுங்கினால் யோசிக்காதேங்கோ. சுடுங்கோ."

"சரிங்க டொக்டர்."

"நீங்கள் நிக்கிறபடியால்தான் நான் எட்டு மீட்டருக்குப் போறன். இல்லாட்டி இந்தக் குழலோடை இதுக்குக் கிட்டப் போக நான் என்ன விசரியே?"

அவர் சிரித்தார். பிரதாப்புக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கிப் பயிற்சியில் அவனுக்குக் கிடைத்த புள்ளிகள் மோசமில்லை. ஆனால் பயிற்சியில் சுட்டதெல்லாம் அசையாத பலகை. பாய்ந்து வருகிற சிறுத்தையை அந்தச் சின்னக் குண்டு ஒன்றே நிறுத்திவிடாது என்பதும் தெரியும். சரியான இடத்தில் இரண்டு, மூன்று பட வேண்டும். அதற்கு அவனிடம் ஒரு விநாடிதான் இருக்கும்.

தேயிலை வரிசைகளுக்கு நடுவே இறங்கினார்கள். மூடுபனி காட்டுப் பக்கமிருந்து வந்து வந்து போனது. கானுக்கு மூன்று மீட்டர் முன்னாலேயே ஆர்த்திகா நின்றார். பத்து மீட்டர். குழலைத் தூக்கினார். அவருடைய முதுகு விரிவதைப் பிரதாப் பட்டியில் உணர்ந்தான். 'ஃபூட்' என்று ஒரு சத்தம், கொட்டைப்பாக்கைத் துப்பியதுபோல.

அந்த நொடியில் சிறுத்தை உடம்பைத் திருப்பியது. அம்பு அதன் முதுகை உரசிக்கொண்டு போய்ப் பாத்தியில் குத்தி நின்றது. சிறுத்தை எழும்பி முளையைச் சுற்றிப் பாய்ந்தது. கம்பி விண்ணென்று அதிர்ந்தது. முளை ஆடியது. பிரதாப் டொக்டரை இழுத்துக்கொண்டு நாலு வரிசை மேலே வந்தான்.

"என்ரை பிழையில்லை, அதின்ரை பிழையுமில்லை," என்று மூச்சு வாங்கினார் ஆர்த்திகா. "இனி ஒரு அம்புதான் இருக்கு. தூரம் கூடிப்போச்சு. கானைத் தாண்டி அங்காலை நிண்டு ஊதினால் தப்பாது."

"அங்கிட்டு நின்னா அஞ்சு மீட்டர்தாங்க இருக்கும்."

"ஓம். அஞ்சு மீட்டரிலை எனக்குத் தப்பாது."

அவர் சொன்னது உண்மை. அஞ்சு மீட்டரில் அவருக்குத் தப்பாது. ஆனால் அஞ்சு மீட்டரில் சிறுத்தைக்கும் தப்பாது. பிரதாப் ஆடிக்கொண்டிருந்த முளையைப் பார்த்தான். இன்னும் இரண்டு இழுவைக்குத் தாங்கினால் பெரிது. முளை பிடுங்கினால் சுடு என்பது பேச்சு. அப்படியென்றால் இந்தச் சிறுத்தையின் கணக்கு ஏறக்குறைய முடிந்ததுபோலத்தான். அவன் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான். இருவரும் மறுபடி இறங்கத் தொடங்கினார்கள்.

"தம்பி! தாண்டாதீங்க! கானைத் தாண்டாதீங்க!"

மேலே பாதையிலிருந்து ஒரு பெண் குரல். சார்ஜன்ட் கையை நீட்டித் தடுக்கத் தடுக்க, அவருடைய கைக்கு அடியால் குனிந்து வந்து, தேயிலைக்குள் இறங்கி ஓடிவந்தாள். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச்சாக்கு, தலையில் துண்டு. கூடையை வழியிலேயே எறிந்துவிட்டிருந்தாள். அவள் பெயர் நாகலெட்சுமி என்று கண்டாக்கு பிறகு சொன்னார்; இருபத்தெட்டு வருடமாக அந்த மலையில் கொழுந்து எடுக்கிறவள்.

"அந்த முளை ஒண்ணுமில்லீங்க, அது வந்துரும்," என்றாள் மூச்சிரைக்க. "ஆனா முளையோட முடியல. முளையைச் சுத்திட்டு மிச்சக் கம்பி மண்ணுக்கடியில போவுது. அந்தா, அந்தச் சவுக்கு மரத்து வேருல கட்டியிருக்கு. முளை வந்தாலும் அங்க இழுத்துப் புடிச்சுக்கும். கான் வாய் வரைக்கும்தான் வரும். அதுக்கு இந்தப் பக்கம் வரவே வராது. அந்தப் பக்கம் நின்னீங்க, அடிச்சிரும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார் ஆர்த்திகா.

நாகலெட்சுமி பாதையைத் திரும்பிப் பார்த்தாள். சார்ஜன்ட் பின்னாலேயே இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அவருக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். மேலே கண்டாக்கும் மொத்த மலையும் கேட்டுக்கொண்டிருந்தது. சிறுத்தைக்குச் சுருக்கு வைத்தவர்களைப் பொலிஸ் என்ன செய்யும் என்று அங்கே தெரியாதவர் யாருமில்லை.

"கம்பி வச்சது நாந்தாங்க," என்றாள். "அந்தக் கரட்டுப் பாத்தி என்னோடது. பன்னி மூணு தடவை பூராவும் உழுதுட்டுப் போயிருச்சு. போன மாசம் ஒரு பன்னி இதே கம்பியில மாட்டி, முளையைப் புடுங்கிட்டு ஓடுச்சு. கான் வாயில வந்து நின்னுருச்சு. அங்கயேதான் மண்ணைப் பிறாண்டிக்கிட்டுக் கெடந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். புலிக்குன்னு வைக்கலீங்க. சாமி சத்தியமா வைக்கல."

சிறுத்தை கீழே மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

ஆர்த்திகா பிரதாப்பைப் பார்த்தார். "கான் கரையிலை நிண்டால் ஏழு மீட்டர் வரும். எனக்கு அது காணும், தப்பாது. ஆனால் அது பாய்ஞ்சால் எங்கடை காலடிக்குத்தான் வரும். இவ சொல்லுறதை நம்பிறதெண்டால் முளை பிடுங்கினவுடனை சுடேலாது. பொறுக்கோணும். நம்பாட்டிப் பின்னேரம் மட்டும் துவக்குக்குக் காத்திருப்பம். கை உங்கடை. நீங்கள் சொல்லுங்கோ."

பின்னேரம் என்றால் சிறுத்தை இருக்காது. பிரதாப் நாகலெட்சுமியின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டு பாதையிலேயே நின்றிருக்கலாம். கம்பி யாருடையது என்று ஒருவரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. இதுவரை அவன் விசாரித்த பதினொன்றில் ஒன்றிலாவது வைத்தவர் பெயர் வந்ததா? சிறைக்குப் போகிற வாக்குமூலத்தை எண்பது பேருக்கு முன்னால் கொடுத்துவிட்டு நிற்கிறவள் கம்பியின் நீளத்தில் பொய் சொல்வாளா? அதோடு, கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குத் தன் மலையின் ஒவ்வொரு மரமும் எத்தனை எட்டுத் தூரம் என்று தெரியும். அது அவனுக்குத் தெரியும்.

"அக்கா, சவுக்கு வேருல எத்தனை சுத்து போட்டீங்க?"

"மூணு சுத்து. முறுக்கி ஆணி அடிச்சிருக்கேன்."

"சரி. நீங்க மேல போங்க." டொக்டரைப் பார்த்துச் சொன்னான்: "கானைத் தாண்டுனாத்தான் சுடுவேன்."

மூன்றாவது முறையாக இறங்கினார்கள். இந்தத் தடவை சிறுத்தை உறுமவில்லை. வயிற்றைத் தரையோடு அழுத்தி, காதைப் பின்னே மடித்து, அவர்களையே பார்த்துக்கொண்டு கிடந்தது. உறுமுவதைவிட இது மோசம் என்று பிரதாப்புக்குத் தெரியும். கான் கரையில் ஆர்த்திகாவின் சப்பாத்து நுனி வந்து நின்றது. காற்று வந்தது. அவர் காத்திருந்தார். மூடுபனி ஒரு சுருள் வந்தது. அதுவும் கடக்கட்டும் என்று காத்திருந்தார். இடக்கையில் அவன் பிடித்திருந்த பட்டி கொஞ்சம்கூட அசையவில்லை. இந்த மனுசிக்கு நெஞ்சு அடிப்பதே நின்றுவிட்டதா என்று அவனுக்குத் தோன்றியது. அவனுடைய நெஞ்சு இரண்டு பேருக்குமாகச் சேர்த்து அடித்தது.

பட்டி விரிந்தது. ஊதினார்.

அம்பின் சிவப்புப் பஞ்சு சிறுத்தையின் பின்தொடையில் நின்றது. அதே கணத்தில் அது பாய்ந்தது.

முளை மண்ணோடு பிடுங்கிக்கொண்டு பறந்ததைப் பிரதாப் கண்டான். துப்பாக்கி தானாக மேலே வந்துவிட்டது. குறியின் நடுவில் மஞ்சள் நெஞ்சு, திறந்த வாய், அது பெரிதாகிக்கொண்டே வந்தது. விரல் விசையில் ஏறி, அது இறுகுகிற இடம்வரை போய் நின்றது. உடம்பிலிருந்த ஒவ்வொரு நரம்பும் சுடு என்றது. கான் வாய் வரைக்கும்தான். அந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான். இடக்கை டொக்டரைத் தனக்குப் பின்னால் இழுத்துவிட்டிருந்தது. எப்போது இழுத்தான் என்று அவனுக்கு ஞாபகமில்லை. இப்போது சிறுத்தைக்கும் அவனுக்கும் நடுவில் கான் மட்டும் இருந்தது.

மண்ணுக்கடியில் கிடந்த கம்பி குப்பை இலைகளைக் கிழித்துக்கொண்டு எழும்பி, கயிறுபோல நேராக விறைத்தது. சவுக்கு மரத்தின் உச்சி குலுங்கியது. சிறுத்தை அந்தரத்தில் நின்றதுபோல நின்று, பின்பக்கமாக விழுந்தது. முன்னங்காலின் நகம் கான் விளிம்பைக் கிழித்து ஈரமண்ணை அவன் முழங்காலில் வாரி அடித்தது. எழும்பியது. இன்னொரு முறை பாய்ந்தது. அதே விளிம்பு. அதற்கு ஒரு சாண்கூட இந்தப் பக்கம் இல்லை.

"பின்னாலை வாங்கோ," என்றார் ஆர்த்திகா மெதுவாக. "மெல்ல. போட்டாச்சு."

துப்பாக்கியை இறக்காமல், முகத்தைத் திருப்பாமல், காலால் வரிசையைத் தடவித் தடவிப் பின்னே ஏறினான். பத்து வரிசை ஏறி நின்றார்கள். ஆர்த்திகா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறாம் நிமிடத்தில் சிறுத்தை தள்ளாடியது. ஒன்பதாம் நிமிடத்தில் கான் ஓரத்தில் தலையைச் சாய்த்தது, வெயிலில் படுக்கிற வீட்டுப் பூனைபோல.

மேலே பாதையில் யாரும் கை தட்டவில்லை, கத்தவில்லை. கண்டாக்கு மட்டும் "அப்பாடி" என்றார். எண்பது பேரும் ஒன்றாக மூச்சு விட்டதுபோல அது கேட்டது. பிரதாப் துப்பாக்கியை உறையில் செருகினான். கம்பி வெட்டும் குறட்டை எடுத்தான்.

கம்பி என்பது மோட்டார் சைக்கிள் கிளச் கேபிள்களை ஒன்றோடொன்று பின்னி நீட்டியதுதான். வெட்டி எடுத்தபோது இடுப்பில் தோல் அறுந்திருந்ததே தவிர ஆழமாக இறங்கியிருக்கவில்லை. ஆர்த்திகா வயிற்றைத் தடவிப் பார்த்து, ஒரு நிமிடம் கையை எடுக்காமல் இருந்தார்.

"பால் இருக்கு," என்றார். "குட்டியள் எங்கையோ பாத்துக்கொண்டிருக்குதுகள்."

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுக்கு மேலிடத்தில் கேள்வி வரும் என்று அவருக்குத் தெரியும். பிடித்த சிறுத்தையைக் கூட்டில் போட்டுச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். அப்படிக் கொண்டுபோனால் ஒரு கிழமையாவது ஆகும். குட்டிகள் ஒரு கிழமைக்குத் தாங்காது. தொலைபேசியில் பணிப்பாளரோடு பேசினார். கெஞ்சவில்லை, காயத்தின் நீளம், மூச்சு, உடம்புச் சூடு எல்லாவற்றையும் சொன்னார், மருந்து போட்டு உடனே காட்டில் விடப் போவதாகவும் பொறுப்புத் தன்னுடையது என்றும் சொன்னார். பிறகு அங்கேயே, கரட்டுப் பாத்திக்கு நடுவில் முழங்காலிட்டு, காயத்தைக் கழுவி மருந்து போட்டு, சேலைன் ஏற்றினார். சேலைன் போத்தலை உயரப் பிடித்துக்கொண்டு நின்றது சார்ஜன்ட். ஒன்றரை மணி நேரம் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு முணுமுணுப்பு இல்லை.

பகல் ஒரு மணிக்குத் தூக்குப் படங்கில் வைத்து எட்டுப் பேர் காட்டு விளிம்புக்குச் சுமந்தார்கள். எல்லாரையும் அனுப்பிவிட்டு, தெளியவைக்கிற ஊசியை ஆர்த்திகா போட்டார். பிரதாப் பழைய இடத்தில், வலப்பக்கம் ஒரு அடி பின்னே, துப்பாக்கியோடு நின்றான். ஊசி போட்டதும் இருவரும் பின்னால் நடந்து, சுற்றுப் பாதையால் காட்டு விளிம்புக்குக் கொண்டுவந்திருந்த ஜீப்புக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார்கள். சிறுத்தை தலையைத் தூக்கியது. எழும்பி விழுந்தது. மறுபடி எழும்பி, சற்று நொண்டியபடி, மரங்களுக்குள் போனது. திரும்பியே பார்க்கவில்லை.

"பிரதாப்," என்றார் ஆர்த்திகா. "முளை பிடுங்கினதை நானும் கண்டனான். சுடுவியள் எண்டுதான் நினைச்சன்."

"நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

"நானாய் இருந்தால் சுட்டிருப்பன்."

அவர் அதற்கு மேல் புகழவில்லை. அவனுக்கு அதுவே அதிகமாக இருந்தது.

நாகலெட்சுமியைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றியபோது பிரதாப்பும் ஏறினான். அறிக்கையில் எதையும் மறைக்கவில்லை. கம்பி வைத்தது அவள்தான் என்று எழுதினான். அவள் எந்த நேரத்தில், யார் யார் கேட்க, எதற்காக அதைச் சொன்னாள் என்பதையும் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதினான். வழக்கு நடந்த அன்று சாட்சிக் கூண்டில் ஏறி, அவள் சொல்லியிருக்காவிட்டால் டொக்டரோ சிறுத்தையோ இன்றைக்கு இருந்திருக்க மாட்டார்கள் என்றான். நீதவான் அவனிடம், "நீங்கள் ஏன் அவருடைய சொல்லை நம்பினீர்கள்?" என்று கேட்டார். "பொய் சொல்றதுக்கு அவங்களுக்கு ஒரு காரணமும் இல்லீங்க. உண்மை சொல்லாம இருக்கத்தான் ஆயிரம் காரணம் இருந்துச்சு," என்றான். குற்றம் குற்றம்தான் என்று சொல்லி நீதவான் சிறைத்தண்டனையை ஒத்திவைத்தார். நாகலெட்சுமி அன்று பின்னேரமே லயத்துக்குத் திரும்பினாள்.

அடுத்த ஞாயிறு அவள் ஏழாம் நம்பர் மலைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், காட்டோரம் முழுக்கத் தேடி, பத்தொன்பது கம்பிகளை அறுத்து எடுத்துக் கண்டாக்கு வீட்டு வாசலில் போட்டாள். பிரதாப் பார்க்கப் போனபோது நன்றி சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"அதெல்லாம் சரி தம்பி. பன்னிக்கு என்ன செய்யப் போறீங்க? நேத்தும் வந்துருச்சு."

வேலி அடிக்கத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், பதில் வரவில்லை. அடுத்த விடுமுறை நாளில் வட்டகொடையிலிருந்து பஸ் பிடித்து வந்து, அவளோடும் அவள் புருசனோடும் சேர்ந்து பாத்தியைச் சுற்றி மூங்கில் நட்டு, பழைய தகரம் கட்டினான். ஆர்த்திகாவும் வந்தார். அவருக்கு ஆணி அடிக்கத் தெரியவில்லை. இரண்டு விரலில் அடிபட்டுக்கொண்டு யாழ்ப்பாணத் தமிழில் ஆணியைத் திட்டினார். அந்த வேலி பன்றியைப் பாதி நாள் தடுத்தது, பாதி நாள் தடுக்கவில்லை.

மூன்று கிழமை கழித்து, காட்டு விளிம்பில் கட்டிவைத்த கமராவில் ஒரு படம் விழுந்தது. இடுப்பில் வெள்ளைத் தழும்போடு பெண் சிறுத்தை; அதன் வாலைப் பார்த்துக்கொண்டு பின்னால் இரண்டு குட்டிகள். பிரதாப் அதைத் தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு, பகல் கொழுந்து நிறுக்கிற நேரம் பார்த்து ஏழாம் நம்பர் மலைக்குப் போனான். நாகலெட்சுமி கூடையை இறக்கிவிட்டு, கொழுந்துக் கறை படிந்த கையைப் படங்கில் துடைத்து, தொலைபேசியை வாங்கி வெயில் படாமல் முந்தானையால் மறைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப இளைச்சுப் போயிருக்கு," என்றாள். "ரெண்டுக்கும் பால் குடுக்கணுமில்ல."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு, தன் வரிசைக்கு ஏறிப் போனாள்.